எடெல்மிரா சொன்ன பெயர்

லீமா, 12 அக்டோபர் 1925

எடெல்மிராவுக்கு,

"அன்புள்ள" என்று எழுதத் தொடங்கினேன். அடித்துவிட்டு வேறு தாள் எடுத்துக்கொண்டேன்.

போன சனிக்கிழமை எங்கள் தக்னாவாசிகள் சங்கத்துக்கு மருந்துக்கடை லிசாந்த்ரோ வந்திருந்தார். ஊரிலிருந்து கப்பலேறி வந்து மூன்று நாள்தான் ஆகிறது. நாற்பது பேர் அவரைச் சுற்றி உட்கார்ந்து ஊர்ச் செய்தி கேட்டோம். தக்னா எந்த நாட்டுக்கு என்று தீர்மானிக்கும் வாக்கெடுப்பில் பெருவுக்கு ஓட்டுப் போடுவேன் என்று சொன்னவர்களின் கதவில், ஊரைப் பிடித்து வைத்திருக்கும் சிலிக்காரர்கள் தாரால் கறுப்புச் சிலுவை போடுகிறார்களாம். நடுத்தெருவில் அடிக்கிறார்களாம். கேட்டவர்கள் எல்லோரும் கண் கலங்கினோம். அப்போது அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்க தங்கச்சிக்கு ஒரு குறையும் இல்ல, எவாரிஸ்தோ. செப்டம்பர் பதினெட்டு, அவனுங்க தேசிய நாள் விழாவுல சிலி போலீஸ் கேப்டன் ஒயார்சூன்கூட ஜோடி போட்டு ஆடிச்சு. கைக்குட்டைய வீசி, கால தட்டி, அடேயப்பா!"

என்ன ஆட்டம் என்று கேட்டேன். "குவேக்கா" என்றார். நாற்பது தலைகளும் என் பக்கம் திரும்பின.

நீ பள்ளிக்கூடத்தை நாலாவதோடு நிறுத்தியவள் என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன். அந்த ஆட்டம் இங்கே லீமாவில் பிறந்தது. அதற்குச் சமக்குவேக்கா என்று பெயர். அது சிலிக்குப் போனதும் அவர்கள் பெயரின் தலையை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டு குவேக்கா என்றார்கள். திரும்பி இங்கே வந்தபோது நம் ஆட்கள் வெட்கமில்லாமல் அதை 'சிலேனா', அதாவது சிலிக்காரி, என்று அழைத்தார்கள். 1879-இல் சிலி நம்மீது படையெடுத்தபோதுதான் இங்கே ஒரு பத்திரிகையாளர் கேட்டார்: நம்மைச் சுடுகிறவன் பெயரை நம் ஆட்டத்துக்கு வைத்துக்கொள்வதா? நம் கடற்படை வீரர்களின் நினைவாக அதற்கு 'மரினேரா' என்று அவரே பெயர் வைத்தார். ஒரு நாட்டின் மானம் அந்தப் பெயரில் இருக்கிறது. இதைப் பற்றி நான் ஒரு சிறு நூல் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் தங்கையோ எதிரியின் கையாளோடு எதிரியின் பெயரில் ஆடிக்கொண்டிருக்கிறாள்.

எனக்குத் தங்கை கிடையாது என்று சங்கத்தில் அறிவித்துவிட்டேன். கூட்டக் குறிப்பிலும் அதைப் பதிவு செய்தார்கள்.

எவாரிஸ்தோ வில்தோசோ


தக்னா, 6 நவம்பர் 1925

அண்ணனுக்கு,

தங்கை கிடையாது என்று பதிவே செய்தாயிற்று. பிறகு இத்தனை பக்கம் யாருக்கு எழுதினாய்?

லிசாந்த்ரோ கண்ணால் பார்த்ததைச் சொல்லியிருக்கிறார். பார்க்காததை நான் சொல்கிறேன். செப்டம்பர் பதினைந்தாம் தேதி காலையில் போலீஸ் எங்கள் ரொட்டிக்கடைக்கு வந்தது. மாவு மூட்டைக்கு அடியில் 'தக்னா பெருவுக்கே' என்று அச்சடித்த துண்டுத்தாள் கட்டு இருந்தது. கடைக்கு வந்தவர்களுக்கு உன் மைத்துனர் சாத்துர்நினோ அதை ரொட்டியோடு சேர்த்துச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் மூன்று நாள் அந்தக் காவல் நிலைய வாசலில் நின்றேன். பதினெட்டாம் தேதி மத்தியானம் ஒரு போலீஸ்காரன் வந்து, "கேப்டன் கூப்பிடுறாரு. நல்ல பாவாடையா பாத்துக் கட்டிக்கிட்டு வா" என்றான்.

பூங்காவில் பந்தல் போட்டிருந்தார்கள். கிட்டார், ஹார்ப், சாராயம் எல்லாம் இருந்தது. ஊரில் பாதிப்பேர் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"இந்த ஊர்ல உன்ன விட்டா ஆடுறதுக்கு ஆளு கிடையாதாமே. என்னோட ஒண்ணு ஆடு. உன் புருஷனப் பத்தி அப்புறம் பேசுவோம்" என்றான் ஒயார்சூன். அப்புறம் அவனும் உன்னைப் போலவே எனக்குப் பாடம் எடுத்தான். "குவேக்கான்னா என்ன தெரியுமா? அடைகாக்குற கோழி கத்துமே, அதுலேர்ந்து வந்த பேரு. நான் சேவல், நீ கோழி. எங்க, சுத்து பாப்போம்." கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சேவல் ஆடிய லட்சணத்தையும் எழுதிவிடுகிறேன். ஒயினுக்குத் திராட்சை மிதிக்கிறவனுக்கு அதைவிட நன்றாகத் தாளம் வரும்.

ஆட்டம் தொடங்கும் முன் என்னைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி நிறுத்தி, "இந்த ஆட்டத்துக்கு என்ன பேரு? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு" என்றான். நான் ஒரு பதில் சொன்னேன். அது என்ன என்று உனக்கு எழுதமாட்டேன்.

மறுநாள் காலையில் சாத்துர்நினோவை விட்டார்கள். துப்பாக்கிக் கட்டையால் அவர் வலது முழங்காலைப் பெயர்த்திருந்தார்கள். இப்போது உட்கார்ந்தபடிதான் மாவு பிசைகிறார்.

அந்தப் பெயர் விஷயத்தில் இன்னொன்று. அப்பா சாகும்வரை அதைச் சிலேனா என்றுதான் சொன்னார். கழுதைகளை அவிழ்த்துவிட்டுக் கை கழுவியதும், "வாடி, ஒரு சிலேனா போடுவோம்" என்று அம்மாவைக் கூப்பிடுவார். போர் முடிந்து பதினைந்து வருஷம் கழித்தும் அப்படித்தான் கூப்பிட்டார். எனக்குத் தந்தையும் கிடையாது என்று சங்கத்தில் எழுதச் சொல்.

இந்த ஊரில் பிறந்தவர்கள் எங்கே இருந்தாலும் திரும்பி வந்து ஓட்டுப் போடலாமாம். உனக்கு அவ்வளவு மானம் இருந்தால் வா. வந்து, நேரில் திட்டு.

எடெல்மிரா


லீமா, 20 ஜனவரி 1926

எடெல்மிராவுக்கு,

உன் கடிதத்தின் தொனி பிடிக்கவில்லை. உள்ளடக்கத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரிக் கடைசியில் வாக்காளர் கப்பலில் வருகிறேன். காயாவ் துறைமுகத்தில் எங்களை வழியனுப்பப் பாண்டு வாத்தியம் ஏற்பாடாகியிருக்கிறது. பள்ளி மாணவிகள் பூத்தூவுவார்கள். அரிக்காவில் கப்பல் நிற்கும். இறங்கி, அந்த மண்ணில் மண்டியிட்டு முத்தமிட்டுவிட்டு, ரயிலில் தக்னா வந்து என் பெயரைப் பதிவு செய்வேன். சிலிக்காரன் கல்லெறிந்தாலும் சரி, கத்தி வீசினாலும் சரி.

உன் பதிலை நீ மறைத்ததைப் பற்றி யோசித்தேன். வெட்கப்படும்படி எதையாவது சொல்லியிருந்தால் நீ பேச்சையே எடுத்திருக்கமாட்டாய். 'மரினேரா' என்று சொல்லிவிட்டு, பீற்றிக்கொள்ள வேண்டாம் என்று அடங்கியிருக்கிறாய். அது உண்மையானால், உன்னைப் பற்றிய தீர்மானத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்வேன்.

துறைமுகத்துக்கு வா. உன் கணவர் வரவேண்டாம். தன் விடுதலைக்காக மனைவியை ஆடவிட்ட மனிதரோடு கைகுலுக்க என்னால் முடியாது.

எவாரிஸ்தோ


தக்னா, 15 மார்ச் 1926

அண்ணனுக்கு,

சாத்துர்நினோ உள்ளே கிடந்தபோது நான் ஆடியது அவருக்குத் தெரியவே தெரியாது. அவர் கையைக் குலுக்கும் பாக்கியம் உனக்கு இல்லை. மாவுக் கை என்றாலும் அது சுத்தமான கை.

மூன்று கூடை ரொட்டியோடு அரிக்காவுக்கு ரயிலேறினேன். நீங்கள் பசியோடு இறங்குவீர்கள் என்று நினைத்தேன். கப்பல் நடுத்துறையில் நின்றது. கரையில் சிலிக்காரக் கும்பல் கல் குவித்து வைத்துக்கொண்டு ஊளையிட்டது. முதல் நாள் உங்களில் முப்பத்தெட்டுப் பேர் படகில் இறங்கினார்கள். கல் பறந்தது. ஒருவருக்கு மண்டை உடைந்தது. அவர் ரத்தத்தைச் சட்டைக்கையால் துடைத்துக்கொண்டு, என் ரொட்டியை வாங்கிக் கடித்துக்கொண்டே ரயிலேறினார். அவர் லீமாவில் தையல்காரராம். மண்ணை முத்தமிடுவதைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை.

நான் இரண்டு நாள் நின்றேன். கடைசிப் படகு வந்ததும் படகுக்காரனிடம் கேட்டேன்.

"எவாரிஸ்தோ வில்தோசோன்னு ஒருத்தர். மெலிஞ்ச ஆளு, மூக்குக் கண்ணாடி போட்டிருப்பாரு."

"அவரா? படகுல ஒரு கால வச்சாரும்மா. அப்புறம் என்ன நெனச்சாரோ, ஏறிப் போயிட்டாரு. மேல்தட்டுல உக்காந்து ஏதோ எழுதிக்கிட்டு இருக்காரு."

அது உன் நூலாகத்தான் இருக்கும். மானம் எத்தனை அத்தியாயம் வந்திருக்கிறது?

மிச்ச ரொட்டியை அந்தப் படகுக்காரன் வாங்கிக்கொண்டான். அவன் சிலிக்காரன். நன்றாக இருக்கிறது என்றான்.

எடெல்மிரா


லீமா, 20 மே 1926

எடெல்மிராவுக்கு,

எனக்குக் கடுங்காய்ச்சல். கப்பல் மருத்துவர் இறங்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சான்றிதழ் இருக்கிறது. அதைச் சங்கத்திலும் வாசித்துக் காட்டினேன், யாரும் சந்தேகப்படவில்லை.

படகு தள்ளுகிறவர்களின் பேச்சை நம்பி ஓர் ஆராய்ச்சியாளனைக் கேலி செய்வது உன் தகுதியைக் காட்டுகிறது. இத்துடன் கடிதப் போக்குவரத்தை நிறுத்திக்கொள்கிறேன்.

எ. வில்தோசோ


லீமா, 5 ஜூலை 1929

அன்புள்ள தங்கை எடெல்மிராவுக்கு,

மூன்று வருடம் ஓடிவிட்டது. கசப்பு இனி வேண்டாம். வாக்கெடுப்பு நடக்காமலே போனது. ஆனால் ஒப்பந்தம் ஆகிவிட்டது. அரிக்கா அவர்களுக்கு, தக்னா நமக்கு. ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி நம் ஊரில் நம் கொடி ஏறுகிறது!

என் நூல் அச்சாகிவிட்டது. 'மரினேரா: ஒரு பெயரின் வீரம்'. ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். பத்தொன்பதாம் பக்கத்தைப் பார். "ஒயார்சூன் கைத்துப்பாக்கியை அவள் நெஞ்சில் வைத்து, பெயரைச் சொல் என்று கர்ஜித்தான். அந்த வீரமங்கை அஞ்சவில்லை. 'மரினேரா!' என்று முழங்கினாள். வேலிக்கு வெளியே நின்ற மக்கள் தேம்பி அழுதனர்." இதை வாசித்த அமைச்சர் ஒருவர் உன்னைப் பார்க்க விரும்புகிறார். கொடியேற்றத்துக்கு மறுநாள் சதுக்கத்தில் மேடை போட்டு, இந்தப் பக்கத்தை நான் உரக்க வாசிப்பேன். பிறகு நீயும் நானும் ஆடவேண்டும். சின்ன வயதில் அம்மா தாளம் தட்ட நாம் இருவரும் ஆடினோமே, அதே போல. வெள்ளைப் பாவாடை தைத்துக்கொள்.

அப்பாவைப் பற்றி ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். 'மரினேரா' என்று சொன்னதற்காகச் சிறை சென்றவர் என்று.

உன் அண்ணன்,
எவாரிஸ்தோ


தக்னா, 1 ஆகஸ்ட் 1929

அண்ணனுக்கு,

அப்பா ஒரே ஒரு தடவைதான் உள்ளே போனார். அது குடித்துவிட்டுத் தேவாலய வாசலில் கழுதையைக் கட்டியதற்கு.

ஒயார்சூன் கையில் துப்பாக்கி கிடையாது. வறுத்த பன்றிக்கறி இருந்தது. பேசும்போது அவன் தாடையில் எண்ணெய் வடிந்தது. யாரும் அழவில்லை. நீ எழுதியிருப்பது நடக்கவில்லை, அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடு. கிழிக்காமல் மேடையில் வாசித்தால் நான் வாய் திறக்கும்படி ஆகும்.

பாவாடை என்னிடம் இருக்கிறது. தைக்கத் தேவையில்லை.

எடெல்மிரா


லீமா, 9 செப்டம்பர் 1929

எடெல்மிரா,

எழுதத் தொடங்கியதும் பேனா முனை மடங்கிவிட்டது. அதனால்தான் எழுத்து இப்படி இருக்கிறது. வேறு எதையும் கற்பனை செய்துகொள்ளாதே.

சதுக்கத்தில் நாலாயிரம் பேர். அமைச்சர் முன்வரிசையில். நான் பத்தொன்பதாம் பக்கத்தை வாசித்து முடித்ததும் எழுந்த கைத்தட்டல் என் வாழ்நாளில் நான் கேட்காதது. நான் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு உன் எதிரில் வந்து நின்றேன். நீ என்ன செய்தாய்? கிட்டார்காரரைக் கையமர்த்திவிட்டு, மேடை நுனிக்குப் போய், மீன் விற்கிறவளைப் போல இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னாய்:

"இவரு வாசிச்சது பொய்யி. அவன் பேரு கேட்டான். நான் 'குவேக்கா'ன்னேன். சத்தமா சொல்லுன்னான். மறுபடியும் 'குவேக்கா'ன்னு கத்துனேன். அன்னிக்கு வேலிக்கு அந்தப் பக்கம் நின்னவங்க இங்கயும் நிக்கிறீங்க, உங்களுக்கே தெரியும். என் புருஷன் உள்ள இருந்தாரு. அவன் கேட்டிருந்தா கோழி மாதிரியும் கத்தியிருப்பேன்."

அமைச்சர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அவர் எழுந்தார், நானும் அவர் பின்னால் போனேன். வேறென்ன செய்வது? அன்று மாலையே கப்பலேறிவிட்டேன். உன்னை வீராங்கனை ஆக்கினேன். நீயாகவே உன்னைக் கோழையாக்கிக்கொண்டாய். உன் புத்திக்கு ரொட்டி சுடுவதுதான் தகும். உனக்குக் கிடைத்த மரியாதை என்ன என்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும். எத்தனை பேர் உன் முகத்தில் துப்பினார்கள்?

எவாரிஸ்தோ வில்தோசோ


தக்னா, 30 செப்டம்பர் 1929

அண்ணனுக்கு,

ஒருவர். சேணம் தைக்கிற நிக்கானோர். மேடைக்குக் கீழே வந்து தரையில் துப்பினார். முகத்தில் இல்லை, அவருக்கு அவ்வளவு உயரம் எட்டாது.

நீ பார்க்காமல் போனதை எழுதுகிறேன். பார்க்காததை எழுதுவதில் உனக்கு இருக்கும் திறமை எனக்கு இல்லை. நான் அங்கே நின்றிருந்தேன்.

நீயும் அமைச்சரும் போனபிறகும் கூட்டம் கலையவில்லை. சாத்துர்நினோ படியேறி வர முடியாமல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். அப்போது துணி வெளுக்கிற எர்மெலிந்தா, அந்தப் பெரிய உடம்புக்காரி, கூட்டத்தின் நடுவிலிருந்து கத்தினாள்:

"நான் மட்டும் என்ன? என் மவன பள்ளிக்கூடத்துல சேக்கப் போனப்ப, 'உன் நாடு எதுடா'ன்னு கேட்டா 'சிலி'ன்னு சொல்லுடான்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன். ஒரு வாரம் சொல்லிக் குடுத்தேன். மறந்து தொலச்சுருவானோன்னு அடிச்சு வேற சொல்லிக் குடுத்தேன்."

யாரோ சிரித்தார்கள். உடனே வண்டிக்கார மெல்கியாதெஸ், "நான் ரெண்டு வருசம் வண்டியில அவனுங்க கொடியக் கட்டிக்கிட்டு ஓட்டுனேன். கொடி கட்டலைன்னா சக்கரத்த ஒடைப்பேன்னானுங்க" என்றார். இன்னொருத்தி தன் கதவில் இருந்த கறுப்புச் சிலுவையைத் தானே சுரண்டி எடுத்துவிட்டு, 'சிலி வாழ்க' என்று எழுதினாளாம். பக்கத்து வீட்டுக்காரிக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். அப்புறம் ஆளுக்கொன்று சொன்னார்கள், சிலர் அழுதுகொண்டு, சிலர் திட்டிக்கொண்டு. எல்லோரும் சொன்னார்கள் என்று நான் எழுதமாட்டேன். பலர் வாயை இறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அடுத்த வாரம் நாலு வீட்டில் ரொட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கிட்டார்காரருக்குப் பாவம், கூலி வாங்கிய வேலை பாக்கி. "ஏம்மா, ஆடப் போறியா இல்லியா? என்னத்த வாசிக்க?" என்றார்.

"அதைத்தான்" என்றேன்.

"எதை?"

"அட, அதைத்தான்யா!" என்று கீழே இருந்து முப்பது குரல் வந்தது.

ஜோடி வேண்டுமே. ஓடிப்போனவனுக்காகக் காத்திருக்க முடியாது. நான் கைக்குட்டையை நிக்கானோர் பக்கம் நீட்டினேன். "துப்புறதுக்கு வாய் இருக்குல்ல, ஆடுறதுக்குக் கால் இருக்கான்னு பாப்போம்" என்றேன். அந்த மனிதர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏறிவந்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டே ஆடினார். நானும் அவரைப் பார்க்காமல் தோளைத் திருப்பிக்கொண்டே ஆடினேன். நெருங்கி வருவார், நான் விலகுவேன். நான் வருவேன், அவர் கைக்குட்டையை என் மூக்குக்கு முன்னால் சுண்டிவிட்டுப் போவார். அந்த ஆட்டமே அப்படித்தானே. கடைசித் தாளத்துக்கு ஒரு மண்டியைத் தரையில் ஊன்றி நின்றார். அந்தச் சனியன் பிடித்த மனிதர் என்னைவிட நன்றாக ஆடினார் என்பதையும் எழுதிவிடுகிறேன். இன்னும் என் கடைக்கு வருவதில்லை. தெருவில் பார்த்தால் தொப்பியைத் தொடுகிறார்.

கோழை என்று எழுதியிருக்கிறாய். ஆமாம். இரண்டு தடவை சத்தமாகச் சொன்ன கோழை. உனக்கு ஊருக்கு வரவேண்டும் என்று இருந்தால் வா. அமைச்சர் இல்லாமல் வா. அன்றைக்கு ஏன் கப்பலைவிட்டு இறங்கவில்லை என்று இங்கே எல்லோரும் கேட்பார்கள். காய்ச்சல் என்று மட்டும் சொல்லாதே. மற்றபடி உட்கார இடம் இருக்கிறது.

எடெல்மிரா


லீமா, 21 அக்டோபர் 1929

எடெல்மிராவுக்கு,

உன் கடிதத்தில் பதினொரு எழுத்துப் பிழைகள். மெல்கியாதெஸின் பெயரையே தப்பாக எழுதியிருக்கிறாய்.

நூலின் மிச்சப் பிரதிகள் என் அறையில் கிடக்கின்றன. இருநூற்றுப் பதினாலு. இந்த வாரம் முழுக்க உட்கார்ந்து பத்தொன்பதாம் பக்கத்தைக் கையாலேயே கிழித்தேன். சரியாகக் கிழியவில்லை. அதன் பின்பக்கத்தில் இருக்கும் இருபதாம் பக்கமும் போய்விட்டது; அது நல்ல பக்கம். ஒன்பதாம் பக்கத்தை இனிமேல்தான் பார்க்கவேண்டும். பெயர் எப்படி வந்தது என்ற பகுதி அப்படியே இருக்கும். அதில் நான் எழுதியது எல்லாம் சரி.

சங்கத்தில் இதைச் சொல்லவில்லை. சொல்வேனா என்று தெரியவில்லை. சாத்துர்நினோவிடம் நீ சொல்லலாம்.

காய்ச்சல் இருந்தது உண்மை. லேசானது. படகுக்காரன் சொன்னபடி ஒரு காலைப் படகில் வைத்தேன். கல் பறப்பது தெரிந்தது, கூச்சல் கேட்டது. கும்பலுக்கு இடது பக்கம், படகுக் கயிறு கட்டும் தூணை ஒட்டி, மூன்று கூடைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி நின்றாள். தலைத்துணி காற்றில் பறந்தது. நீதான் என்று எனக்குத் தெரிந்தது. எடெல்மிரா, அது நீதான் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்தும்தான் காலைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

எவாரிஸ்தோ